சுவரில் பென்சிலால் எழுதிய தேதி

அம்மா படுக்கும் அறையில், அலமாரிக்குப் பின்னால், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் அந்த ஓதம் முதலில் தெரிந்தது. குடிவந்து ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. உள்ளங்கை அகலம் இருக்கும். தொட்டால் சில்லென்றிருந்தது, விரலில் வெள்ளையாக உப்புப் பொடி ஒட்டியது. "புதுச் சுவர்தானே, காயக் கொஞ்சம் நாள் பிடிக்கும்" என்று கட்டிக் கொடுத்தவரின் ஆள் வந்து பார்த்துவிட்டுச் சொன்னார். சரி, காயட்டும் என்று விட்டோம். அடுத்த மழைக்கு அது முழங்கால் உயரம் ஏறியது. சுரண்டி, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்தோம். அதற்கடுத்த மழைக்குப் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியது. மறுபடி சுரண்டினோம், மறுபடி அடித்தோம்.

இரண்டு வருடம் இப்படியே போனது. பிற்பாடு எங்களுக்கு வந்த நஷ்டத்தில் பெரும் பங்குக்கு அந்த இரண்டு வருடம்தான் காரணம்.

அடுக்குமாடியில் வீடு வாங்கினோம், ஒழுகுகிறது, விரிசல் விடுகிறது, யாரைப் பிடிப்பது என்று தெரிந்தவர்கள் அடிக்கடி என்னைக் கேட்கிறார்கள். நான் வக்கீல் இல்லை. கணக்கு எழுதுவது என் தொழில். 36 வீடுகள் கொண்ட எங்கள் கட்டடத்தின் உரிமையாளர் சங்கத்தில் ஐந்து வருடம் செயலாளராக இருந்தேன். அந்த ஐந்து வருடத்தில் படித்ததையும் பட்டதையும்தான் இங்கே எழுதுகிறேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லும்போது ஏதாவது ஒன்று விட்டுப்போகிறது, அதனால்தான்.

முதலில் காலக்கெடு. கட்டியவர் பொறுப்பு ஏற்க வேண்டிய காலம் எல்லா இடத்திலும் சட்டத்திலோ ஒப்பந்தத்திலோ எழுதியிருக்கிறது. ஆனால் இடத்துக்கு இடம் அது மிகவும் மாறுகிறது. இந்தியாவில் 2016-ஆம் வருட ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 வருடத்துக்குள் தெரியவரும் கட்டுமானக் குறையையும் வேலைத்தரக் குறையையும் 30 நாளில் இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும் என்கிறது. சிங்கப்பூரில் கட்டியவரின் குறைநீக்கக் காலம் 12 மாதம், மலேசியாவில் 24 மாதம். கனடாவின் ஒன்டாரியோவில் பொதுவான வேலைக்கு 1 வருடம், தண்ணீர் புகுந்தால் 2 வருடம், பெரிய கட்டுமானக் குறைக்கு 7 வருடம். கனடாவிலேயே பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2, 5, 10 வருடம் என்று மூன்று படிகள். அதில் நடுவில் வரும் 5 வருடம் கட்டடத்தின் வெளிப்போர்வைக்கு, அதாவது தண்ணீரைத் தடுக்கும் சுவர், ஜன்னல், கூரைக்கு. ஜப்பானில் தூண், உத்தரம் போன்றவற்றுக்கு மட்டுமல்லாமல் மழைநீரைத் தடுக்கும் பகுதிகளுக்கும் 10 வருடம். பிரான்சிலும் 10 வருடம்.

இவை கட்டியவரின் உத்தரவாதக் காலங்கள். வழக்குப் போடுவதற்கான காலம் வேறு. அது சில இடங்களில் இதைவிட நீளம், சில இடங்களில் குறையைக் கண்டுபிடித்த நாளிலிருந்து ஓடத் தொடங்கும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, உத்தரவாதம் முடிந்துவிட்டது, இனி ஒன்றும் இல்லை என்று கைவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். இன்னும் காலம் இருக்கிறது என்று நம்பித் தவறவிட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். உங்கள் வீட்டுக்குள் இருக்கும் குறைக்கு ஒரு தேதியும், எல்லாருக்கும் பொதுவான சுவர், கூரை, குழாய்களுக்கு வேறொரு தேதியும் இருக்கலாம். அந்தத் தேதிகளை ஒரு காகிதத்தில் எழுதி நிலைக்கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள். உண்மையாகவே சொல்கிறேன், நாங்கள் கடைசியில் அப்படித்தான் ஒட்டினோம்.

காலக்கெடு என்ன செய்யும் என்பதற்குச் சிட்னி நகரத்தின் இரண்டு கட்டடங்களைப் பார்க்கலாம். 2018 டிசம்பர் 24 அன்று ஓபல் டவரில் பெரிய வெடிப்புச் சத்தம் கேட்டு ஆட்களை வெளியேற்றினார்கள். குடிவந்து சில மாதங்களே ஆன புதுக் கட்டடம் அது. பழுது பார்க்கக் கட்டியவர்களே வந்தார்கள். அடுத்த வருடம் ஜூன் மாதம் மாஸ்கட் டவர்ஸ் என்ற கட்டடத்தையும் அதேபோல் காலி செய்தார்கள். அது கட்டி முடித்துப் பத்து வருடம் தாண்டியது. பெரிய குறைகளுக்கான சட்ட உத்தரவாதக் காலம் அதற்கு முன்பே முடிந்துவிட்டது. உரிமையாளர்கள் குடியிருக்க முடியாத வீட்டுக்குக் கடன் தவணையும் கட்டி, வேறிடத்தில் வாடகையும் கொடுத்தார்கள். இரண்டு கட்டடத்திலும் ஜனங்கள் ஒரேபோல் பயந்துதான் படியிறங்கியிருப்பார்கள்.

பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருப்பதால் காலக்கெடு நின்றுவிடாது. இது எனக்கு யாரும் சொல்லித்தராத விஷயம். கட்டியவர் தரப்பு எங்களிடம் ஒருபோதும் முடியாது என்று சொன்னதில்லை. "அடுத்த வாரம் ஆள் அனுப்புகிறோம்", "மழை முடியட்டும்", "பொருள் வரவேண்டும்" என்றே சொன்னார்கள். ரொம்ப மரியாதையாகச் சொன்னார்கள். ஒவ்வொரு வாரமும் கெடுவிலிருந்து ஒரு வாரம் கழிந்துகொண்டிருந்தது. பேச வேண்டும் என்றால் பேசலாம்; ஆனால் பேசும் காலம் கெடுவில் சேராது என்று இரு தரப்பும் கையெழுத்திட்டு ஓர் ஒப்பந்தம் போட முடியும். பல நாடுகளில் நீதிமன்றங்கள் அதை ஏற்கின்றன. உங்கள் வக்கீலிடம் முதல் நாளே அதைக் கேளுங்கள். எதிர்த்தரப்பு அதில் கையெழுத்துப் போடத் தயங்கினால், பேச்சு எதற்காக என்று உங்களுக்கே புரிந்துவிடும்.

இனி பென்சில் கதைக்கு வருகிறேன். எங்கள் கட்டடத்தில் ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் இருக்கிறார். எல்லாரும் சார் என்றுதான் கூப்பிடுவோம். மூன்றாம் முறை பெயிண்ட் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தபோது அவர் வீட்டுக்கு வந்தார். சுவரைப் பார்த்தார், டப்பாவை மூடச் சொன்னார்.

"இதை மேல மேல அடிச்சு மறைச்சுட்டா, நாளைக்கு யாருகிட்ட எதைக் காட்டுவீங்கம்மா?" என்றார்.

சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து, ஓதத்தின் விளிம்பிலேயே ஒரு கோடு இழுத்தார். கோட்டின் மேல் தேதி எழுதினார். ஓர் அளவுகோலைச் சுவரில் சாய்த்து வைத்துப் படம் எடுக்கச் சொன்னார். அன்றிலிருந்து ஒவ்வொரு மழைக்குப் பிறகும் ஒரு கோடு, ஒரு தேதி, ஒரு படம். ஆறு மாதத்தில் அந்தச் சுவர் மலைச்சரிவின் வரைபடம்போல ஆகிவிட்டது. ஜன்னலுக்கு மேலே இருந்த விரிசலின் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டைச் சிமெண்டால் ஒட்டினார். விரிசல் அசையாமல் இருந்தால் கண்ணாடி அப்படியே இருக்கும், அசைந்தால் உடையும். பதினோராவது நாள் அது உடைந்து கிடந்தது. அந்தக் கண்ணாடித் துண்டின் படம் பின்னால் எங்கள் மனுவில் ஐந்தாவது ஆவணமாகப் போனது.

அப்புறம்தான் சங்கம் முழுவதும் விழித்துக்கொண்டது. வீடு வீடாகப் போய்க் கேட்டோம். 36-ல் 21 வீடுகளில் ஏதோ ஓர் இடத்தில் தண்ணீர் இறங்கியது. ஒவ்வொருவரும் தங்கள் வீட்டில் மட்டும்தான் பிரச்சினை என்று நினைத்து, விற்க நேர்ந்தால் விலை போகாதே என்று வெளியே சொல்லாமல் இருந்திருக்கிறார்கள். கட்டடத்தோடு சம்பந்தமில்லாத ஒரு பொறியாளரை நியமித்தோம். பால்கனியின் வடிகால் துளையை அடைத்து, தண்ணீர் தேக்கி, ஒரு முழு நாள் விட்டுப் பார்த்தார். கீழ்வீட்டின் கூரையில் ஈரம் எங்கே வருகிறது என்று கருவி வைத்து அளந்தார். பிறகு தண்ணீரை வெளியேற்றி, ரசமட்டம் வைத்துக் காட்டினார். பால்கனித் தரையின் வாட்டம், அதாவது தண்ணீர் ஓடும் சரிவு, வடிகால் பக்கம் இல்லை, வீட்டுப் பக்கம் இருந்தது. ஓடு பதித்தவர் வாட்டம் பார்க்கவில்லை. ஓட்டுக்கு அடியில் போட வேண்டிய நீர்த்தடுப்புப் படலம் சுவர் ஓரத்தில் மேலே மடக்கி ஏற்றப்படவில்லை. வரைபடத்தில் இரண்டும் சரியாக இருந்தன. வரைபடம் ஒன்று, கட்டியது இன்னொன்று என்று அறிக்கையில் எழுத்தில் வந்தபோதுதான் எங்கள் கோரிக்கைக்குக் கால் முளைத்தது.

வாட்டம்தானே என்று சிறியதாக நினைக்காதீர்கள். 2021 ஜூன் 24 அன்று அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், சர்ஃப்சைடில், சாம்ப்ளேன் டவர்ஸ் சவுத் இடிந்து 98 பேர் இறந்தார்கள். 1981-ல் கட்டிய கட்டடம். நீச்சல்குளத் தளத்தின் நீர்த்தடுப்பு, வாட்டமில்லாத தட்டையான தளத்தின் மேல் போடப்பட்டிருக்கிறது, தண்ணீர் வடியாமல் தேங்கி நிற்கிறது என்று 2018-லேயே ஒரு பொறியாளர் எழுதிக் கொடுத்திருந்தார். அது ஒன்றால்தான் இடிந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த அறிக்கைக்குப் பிறகு உரிமையாளர்களுக்குள் செலவைப் பற்றி வாக்குவாதம் வருடக்கணக்கில் நடந்தது. 1.5 கோடி டாலர் வசூல் செய்வது என்று முடிவாகி, பழுதுபார்ப்பு பெரிதாகத் தொடங்குவதற்குள் கட்டடம் போய்விட்டது. எங்கள் கூட்டத்தில் "இப்ப என்ன அவசரம்" என்று யாராவது சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன். சொல்லும்போது என் குரல் நடுங்கும்.

நாங்கள் செய்த இன்னொரு தவறும் இருக்கிறது. அறிக்கை வந்த ஆத்திரத்தில் இரண்டு வீட்டு பால்கனிகளை உடனே உடைத்துச் சரிசெய்துவிட்டோம். அந்த இரண்டுக்கும் பணம் கிடைக்கவில்லை. பார்க்கவும் சரிசெய்யவும் எங்களுக்கு வாய்ப்புத் தரவில்லை, இப்போது ஆதாரமும் இல்லை என்று எதிர்த்தரப்பு சொன்னது. அதில் நியாயம் இருந்தது. முதலில் எழுத்தில் அறிவிப்பு, வந்து பார்க்க ஒரு தேதி, அவர்கள் முன்னிலையில் உடைப்பது, உடைத்த ஓடுகளையும் படலத்தையும் பையில் போட்டுப் பெயர் எழுதி வைப்பது. இந்த வரிசை மாறக் கூடாது. அதற்காகக் கூரை ஒழுக ஒழுகப் பார்த்துக்கொண்டிருக்கவும் வேண்டாம். தார்ப்பாய் போடுவது, வடிகாலைத் திறந்துவிடுவது, ஆட்களைப் பத்திரமான இடத்துக்கு மாற்றுவது, இதெல்லாம் உடனே செய்ய வேண்டியவை. சேதம் பெருகாமல் நீங்கள் பார்த்துக்கொண்டீர்களா என்று நீதிமன்றமும் கேட்கும்.

சரி, யார்மேல் வழக்கு? விற்றவரோடு உங்களுக்கு ஒப்பந்தம் இருக்கிறது, அது நேர்வழி. கட்டிய ஒப்பந்தக்காரர், வரைந்தவர், நீர்த்தடுப்பு போட்டவர், இவர்களோடு உங்களுக்கு ஒப்பந்தம் கிடையாது. இரண்டாம் கையாக வாங்கியிருந்தால் விற்றவரே கட்டியவர் இல்லை. இங்கேதான் கனடாவின் வின்னிபெக் வழக்கு எனக்குப் பிடிக்கும். 1974-ல் முடிந்த 15 மாடிக் கட்டடம். 1982-ல் வெளிச்சுவர்க் கல்லில் விரிசல் தெரிந்தது. வல்லுநர்கள் பார்த்து, சிறிய பழுதுகளோடு முடித்தார்கள். 1989-ல் ஒன்பதாம் மாடி உயரத்திலிருந்து சுமார் 20 அடி நீளத்துக்கு அந்தக் கல்போர்வை பெயர்ந்து கீழே விழுந்தது. உரிமையாளர் சங்கம் மொத்தப் போர்வையையும் மாற்றியது, பிறகு ஒப்பந்தமே இல்லாத அந்தக் கட்டுமான நிறுவனத்தின்மேல் வழக்குப் போட்டது. ஆபத்து உண்டாக்கும் குறை என்றால், பின்னால் வாங்கியவர்களுக்கும் கட்டியவர் பொறுப்புதான், சரிசெய்யும் செலவைக் கேட்கலாம் என்று 1995-ல் கனடா உச்ச நீதிமன்றம் சொன்னது. எல்லா நாடும் இதை ஏற்கவில்லை. தனிச் சட்டம் இடம் கொடுத்தால் ஒழிய, இங்கிலாந்து நீதிமன்றங்கள் ஒப்பந்தம் இல்லாதவரின் இத்தகைய பண நஷ்டத்துக்கு வழிவிடுவதில்லை. அதனால்தான் உங்கள் அறிக்கையில் "அழகு கெட்டது", "ஆபத்தானது" என்ற இரண்டையும் பொறியாளர் தனித்தனியாகப் பிரித்து எழுத வேண்டும்.

எங்களுக்கு வந்த பெரிய இடி, விற்ற நிறுவனமே காலியாக இருந்தது. அந்த ஒரு கட்டடத்துக்காகவே தொடங்கிய நிறுவனம். வீடுகள் விற்றதும் பணம் தாய் நிறுவனத்துக்குப் போய்விட்டது. 1980-கள், 90-களில் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஆயிரக்கணக்கான வீடுகள் ஒழுகியபோதும் இதே கதைதான். கேட்கப் போனால் நிறுவனங்கள் கலைக்கப்பட்டிருந்தன. 1998-ல் பாரட் ஆணையம் விசாரித்தது, அதன் பிறகே மூன்றாம் தரப்புக் காப்பீட்டோடு கூடிய அந்த 2, 5, 10 முறை கட்டாயமானது. பழுதுபார்க்க வட்டியில்லாக் கடனும் பல வருடம் கொடுத்தார்கள். இங்கிலாந்தில், லண்டனின் கிரென்ஃபெல் அடுக்குமாடித் தீ விபத்துக்குப் பிறகு வந்த 2022-ஆம் வருடக் கட்டடப் பாதுகாப்புச் சட்டம், தாய் நிறுவனம் போன்ற தொடர்புடைய நிறுவனங்கள்மீதும் பொறுப்பைச் சுமத்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் கொடுத்தது. பழைய கட்டடங்களுக்கு வழக்குக் காலத்தை 30 வருடமாக நீட்டியது. எங்களுக்கு அப்படி ஒரு சட்டம் கைகொடுக்கவில்லை. வரைந்தவரின் தொழில் காப்பீடும், நீர்த்தடுப்பு போட்டவரின் உத்தரவாதக் கடிதமும்தான் கைகொடுத்தன. வழக்குப் போடும் முன்பே எதிராளியிடம் பணம் இருக்கிறதா, காப்பீடு இருக்கிறதா என்று பார்க்கச் சொன்ன வக்கீலை வாழ்நாளும் மறக்க மாட்டேன். காகிதத்தில் ஜெயித்துப் பணம் வராமல் போவது தோற்பதைவிடச் செலவு.

நடுவில் ஒரு நாள் கட்டியவர் தரப்பு நாலு வீடுகளுக்கு மட்டும் ஆள் அனுப்பியது. பால்கனியை அழகாகச் செய்து கொடுத்தார்கள். முடித்துவிட்டு ஒரு காகிதம் நீட்டினார்கள். வேலை திருப்தி என்று எழுதியிருந்தது. இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பத்தியில், இந்த வீடு தொடர்பாக இனி எக்காலத்திலும் எந்தக் கோரிக்கையும் இல்லை என்றும் இருந்தது. மூன்று பேர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். நாலாவது, மூன்றாம் மாடி அக்கா. கண்ணாடி இல்லாமல் படிக்க முடியாது என்று சொல்லிக் காகிதத்தை வாங்கிவைத்து, சாயங்காலம் என்னிடம் கொண்டுவந்தார். அன்று இரவு கூட்டம் போட்டோம். கையெழுத்திட்டவர்கள்மேல் சிலர் கத்தினார்கள். நான் கத்தவில்லை. அதில் ஒருவர் வீட்டில் கைக்குழந்தைக்கு மூச்சிழுப்பு. பூஞ்சை பிடித்த சுவர் சரியானால் போதும் என்று அவர் நினைத்ததில் தப்பே இல்லை. ஆனால் பொதுச் சுவரும் வெளிப்பூச்சும் சங்கத்தின் சொத்து, அதைத் தனி ஆள் எழுதிக்கொடுக்க முடியாது என்று வக்கீல் சொன்னது எங்களைக் காப்பாற்றியது. அதிலிருந்து, யாரும் தனியாகக் கையெழுத்திடுவதில்லை என்று பொதுக்குழுவில் தீர்மானம் போட்டோம்.

பணம் பற்றி எழுதாமல் விட முடியாது. இரவு தூக்கம் கெடுப்பது அதுதான். வழக்கு முடிய வருடங்கள் ஆகும், கூரை அதுவரை காத்திருக்காது. ஆகவே பழுதுபார்க்கும் பணம் முதலில் உங்களுடையதுதான். சங்கத்தின் இருப்பு நிதியில் இருந்தால் அதிர்ஷ்டம். இல்லையென்றால் சிறப்பு வசூல், அதுவும் வீட்டுப் பங்கு விகிதப்படி. எங்களிடம் இருப்பு, தேவையில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. ஒரே தடவையில் வசூலித்தால் ஓய்வூதியத்தில் வாழும் ஆறு குடும்பங்கள் வீட்டை விற்க வேண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். அதனால் சங்கத்தின் பெயரிலேயே கடன் வாங்கி, மாதாமாதம் பராமரிப்புத் தொகையோடு பிரித்துக் கட்டும் வழியை எடுத்தோம். வட்டி கூடுதல்தான். ஆனாலும் ஒருவரும் வீட்டை விட்டுப் போகவில்லை. கையில் பணம் இருந்தவர்கள் முன்கூட்டியே தங்கள் பங்கைக் கட்டி வட்டியைத் தவிர்த்துக்கொள்ளவும் வழி வைத்தோம். வேலையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஆபத்தான பகுதிகளை முதலில் முடித்தோம்.

வீட்டுக் காப்பீட்டை நம்பியிருந்தவர்களுக்கு ஏமாற்றம். திடீரென்று குழாய் வெடித்தால் தருவார்கள். கொஞ்சம் கொஞ்சமாக ஊறிய ஓதமும் மோசமான வேலைத்தரமும் பெரும்பாலான பாலிசிகளில் விலக்கு. ஆனால் குறையைச் சரிசெய்யும் செலவு ஒன்று, அதனால் கெட்டுப்போன மரத்தரை, மின்கம்பி வேறொன்று. இரண்டாவதற்குச் சிலருக்குக் கிடைத்தது. மனுவைப் பிரித்து எழுதுங்கள். வங்கிக் கடன் தவணையைக் கோபத்தில் நிறுத்த வேண்டாம். அது கட்டியவருக்கு ஒரு நாளும் வலிக்காது, உங்கள் கடன் வரலாற்றில்தான் விழும். வங்கியிடம் அறிக்கையோடு போய், தவணைக் காலத்தை நீட்டக் கேட்கலாம். எங்களில் இரண்டு பேருக்குச் செய்து கொடுத்தார்கள்.

விற்றுவிட்டுப் போகலாமா என்று கேட்பவர்களுக்கு: போகலாம், மறைத்து விற்கக் கூடாது. பெயிண்ட் அடித்துக் காட்டி விற்றால் குறை உங்கள் பின்னாலேயே வரும், வழக்காகவும் வரும். அதைவிட, எதுவும் தெரியாமல் ஒரு குடும்பம் தன் சேமிப்பு முழுவதையும் அந்தச் சுவருக்குள் போடும், அதை நினைத்தாலே எனக்கு நெஞ்சு அடைக்கிறது. ஐந்தாம் மாடிக்காரர் பொறியாளர் அறிக்கை, வசூல் கணக்கு, வழக்கின் நிலை எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு வாங்க வந்தவரிடம் கொடுத்தார். எதிர்பார்த்த விலையைவிடக் குறைவாகத்தான் போனது. ஆனால் வழக்கில் வரும் பங்கு யாருக்கு என்பதைப் பத்திரத்திலேயே எழுதிக்கொண்டார்கள்.

எங்கள் வழக்கு தீர்ப்பு வரை போகவில்லை. சமரசப் பேச்சில் கேட்டதில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்கு வந்தது. வக்கீல், பொறியாளர் செலவு போகக் கடனில் பாதிக்கு மேல் அடைந்தது, மீதிக்கு இன்னும் இருபத்திரண்டு தவணை இருக்கிறது. முதல் நாளே கோடு போட்டிருந்தால் இன்னும் வந்திருக்கும் என்று வக்கீல் சொன்னார். முதல் இரண்டு வருடச் சேதத்துக்கு எங்களிடம் ஒரு படம்கூட இல்லை.

போன மாதம் அம்மா அறைச் சுவரைப் புதிதாகப் பூசினார்கள். காரை முழுக்க உலர்ந்துவிட்டது, ஈரமானியில் பார்த்தாயிற்று. பெயிண்ட் இன்னும் அடிக்கவில்லை. இரண்டு மழை போகட்டும் என்று சார் சொல்லியிருக்கிறார். அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போட்டிருக்கிறோம், அதன் மேல் பென்சில் இருக்கிறது.